சுழியில் நிற்கும் முள்

கொல்கத்தா மாநகரம் 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சைக் கண்டது. அன்று ஆபத்தை அறிவிக்கச் சங்கு ஒலித்தது. தீயும் புகையும் கண்ணுக்குத் தெரிந்தன. அணுகுண்டு தோன்றிய பின்னரோ, ஐம்புலன்களுக்கும் எட்டாத கதிர்வீச்சும் பகையாகச் சேர்ந்தது. அதனை அளக்க அமெரிக்க நாட்டார் 1950, 1960களில் மஞ்சள் வண்ணக் கருவிகளைப் பெருந்தொகையாகச் செய்து, குடிமக்கள் பாதுகாப்புப் படையினரிடம் அளித்தனர். பனிப்போர் ஓய்ந்தபின் அவை பழம்பொருள்களாக விற்பனைக்கு வந்தன. ஒன்றை வாங்கி விசையைத் திருப்புகிறோம். முள் சுழியில் நிற்கிறது. ஆபத்தில்லை என்று மகிழலாமா?

இக்கருவிகளுள் ஒன்று சி.டி.வி-715. இதனுள் காற்று அடைத்த ஒரு சிறு கலம் உண்டு. காமாக் கதிர்கள் பாயும்போது அக்காற்றின் அணுக்கள் மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரியும். கலத்திற்கு ஊட்டிய மின்னழுத்தம் அவற்றை ஈர்க்க, மிக நுண்ணிய மின்னோட்டம் பிறக்கும். அதனைப் பெருக்கி முள்ளை அசைக்கிறார்கள். மணிக்கு 500 ராண்ட்ஜன் வரை இது அளக்கும். ஆனால் இதன் மிக நுண்ணிய அளவுகோலே மணிக்கு அரை ராண்ட்ஜன் வரை நீள்வது. நம்மைச் சூழ்ந்துள்ள இயற்கைக் கதிர்வீச்சு அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே. நெல்மூட்டை நிறுக்கும் தராசில் குன்றிமணியை வைத்தாற்போல, முள் அசையாது.

மற்றொன்று சி.டி.வி-700. ஜெர்மானியரான கைகரும் முல்லரும் 1928இல் உருவாக்கிய குழாய் இதில் உள்ளது. ஒவ்வொரு கதிருக்கும் ஒரு துடிப்பு. காதணியில் 'டிக்' என்று கேட்கும். சிற்றளவை இது நன்கு காட்டும். ஆயினும் ஒரு துடிப்புக்குப்பின் குழாய் சற்றே ஓய்வு கொள்ள வேண்டும். கதிர்வீச்சு அளவு மீறினால் அந்த ஓய்வே கிடைப்பதில்லை. குழாய் திணறிப்போய், பேராபத்தின் நடுவிலும் முள் கீழிறங்கிவிடக்கூடும்! 'கதிர் அளவி' என்று நாம் மொழிபெயர்த்து எழுதிவிடலாம்; எதை அளக்காது என்பதை அச்சொல் சொல்வதில்லை.

இந்நகரில் மேகநாத சாகா அமைத்த அணு இயற்பியல் நிலையத்தை 1950 ஜனவரியில் திறந்துவைத்தவர் ஐரீன் ஜோலியோ-கியூரி அம்மையார். அவரே 1956இல் இரத்தப் புற்றுநோயால் காலமானார். கதிர்களோடு நெடுநாள் பழகியதே காரணம் எனக் கருதுகின்றனர்.

நம் நாட்டில் இவ்வாபத்து போரின்றியே வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படாதிருந்த கோபால்ட்-60 கருவியொன்று 2010 பிப்ரவரியில் ஏலம் போயிற்று. மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் அதைப் பிரித்தனர். தொழிலாளி ஒருவர் மாண்டார். வேறு சிலர் கடும் நோயுற்றனர். அவர்கள் கையில் அளவுக்கருவி எதுவும் இல்லை.

பழைய இரும்புக் குவியலில் அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பேழையோ, மூன்று இதழ் விசிறிச் சின்னமோ தென்பட்டால், தொடாமல் விலகி, பிறரையும் விலக்கிக் காவல் நிலையத்திற்குச் சொல்லியனுப்புவோம். பழைய கருவியைத் தேடி எடுத்துவந்து அதன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.