மலையேறிய டிராக்டர்

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பசறைத் தேயிலைத் தோட்டங்களில் டிராக்டர் உழுவதில்லை, சுமக்கிறது. கொழுந்தையும் உரத்தையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டப் பாதையில் போகிறது. உழவுக்கென்று வந்த இயந்திரம் சுமைவண்டியாகிவிட்டதே என்று குறைப்படுவோர் உண்டு. எனக்கோ மலைக்குப் பொருத்தமான வேலையைத்தான் அது செய்கிறது என்றே படுகிறது. டிராக்டர் வளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் சமநிலத்துக்காக. 1892இல் அமெரிக்காவின் அயோவாவில் ஜான் ஃபுரோலிக் பெட்ரோலில் ஓடும் டிராக்டரைச் செய்தார். 1917இல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் பெருந்தொகையாக வந்தது. அதன் கலப்பை வேரிலோ பாறையிலோ மாட்டினால் முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர் மேலேயே கவிழும் ஆபத்து இருந்தது. அயர்லாந்தின் ஹாரி ஃபெர்கூசன் கலப்பையை மூன்று இடங்களில் டிராக்டரோடு பிணைத்தார். கலப்பையை மண் பின்னுக்கு இழுக்கும் விசையே முன்சக்கரங்களை நிலத்தில் அழுத்திப் பிடித்தது. இன்றைய டிராக்டர்களிலும் அந்த இணைப்புத்தான். ஆனால் பின்னால் கவிழ்வதற்கு அது மருந்து. பக்கவாட்டில் உருள்வதற்கு அல்ல. சரிவின் குறுக்கே போகும்போது வண்டியின் பாரம் கீழ்ச்சக்கரத்துக்கு வெளியே சாய்ந்தால் உருளத்தான் செய்யும்.

அப்படியானால் சிறிய இயந்திரத்தால் உழலாமே என்று கேட்கலாம். 1950களில் லேண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர டிராக்டரை வடிவமைத்தவர் இலங்கையரான ரே விஜேவர்தன. வயலில் எருமையின் இடத்தைப் பிடித்த இயந்திரம் அது. ஆனால் அவரே பிற்காலத்தில், வெப்பமண்டல மழைக்கு உழுத மண் தாங்காது என்று கண்டு, உழாமல் பயிரிடுவதற்காக வாதாடினார். சரிவுகளில் சமமட்டக் கோட்டில் மரவேலி நட்டு மண்ணைப் பிடிக்கச் சொன்னார். ஊவாவின் சரிவுகளுக்கு இது அப்படியே பொருந்தும். பல்லாண்டு நிற்கும் தேயிலைக்கு ஆண்டுதோறும் உழவு வேண்டியதில்லை. மழைநீரை வடிக்கக் கான் வேண்டும், மண்ணை மூட இலைதழை வேண்டும்.

ஆள் பற்றாக்குறையைக் காட்டி, ஜப்பானைப் போல ஏறி ஓட்டிக் கொழுந்தெடுக்கும் இயந்திரம் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த இயந்திரங்கள் ஓடுவது சமமான நிலத்தில், இயந்திரத்துக்கென்றே நேர்வரிசையில் வளர்த்த செடிகளுக்கு மேல். இங்கே செடிகளுக்கு நடுவே பாறையும் கானும் கிடக்கின்றன. கொழுந்தெடுக்கும் பெண்ணின் முதுகை ஒடிப்பது பறிப்பது மட்டுமல்ல, நிறைந்த சுமையோடு நிறுக்கும் இடத்துக்கு நடப்பதும்தான். டிராக்டர் பறிக்கும் இடத்துக்கு நெருக்கமாக வர முடிந்தால் அந்த நடை குறையும். அதற்குப் புது இயந்திரத்தைவிட முதலில் தேவை செப்பனிட்ட பாதையும், இறக்கத்தில் பிடிக்கும் பிரேக்கும், பெட்டியில் ஆட்களை ஏற்றாத கண்டிப்பும். தோட்ட நிர்வாகங்கள் அந்தச் செலவை இனியும் தள்ளிப்போடக் கூடாது.