வைத்திக்குப்பத்து மீனும் நம்மவர் உணவும்

புதுச்சேரி நகரின் வடபால், வங்கக் கடலை அடுத்து, வைத்திக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு ஒன்று உளது. மாசி மகத்தன்று பல ஊர்த் தெய்வத் திருவுருவங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரையாதலின், அதன் பெயர் பலர்க்கும் தெரிந்ததே. எனினும் யாம் ஈண்டு அதனை எடுத்துக்கொண்டது அத்திருவிழாவை வருணித்தற்கு அன்று. அவ்வூர் மகளிர் காலைதோறும் நகர்த் தெருக்களுக்குக் கொண்டுவரும் மீன்கூடையைப் பற்றியும், அக்கூடையினின்று நாம் எடுப்பது எது, விடுப்பது எது என்பது பற்றியுமே சில கூற விழைகின்றோம்.

மீனுக்கும் கல்லூரி மலருக்கும் என்ன தொடர்பு என்று நண்பர் சிலர் நகைப்பர். நகைப்பவர் பின்வரும் கணக்கை நோக்குவாராக. 2023ஆம் ஆண்டு சூன் திங்களில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நிகழ்ந்த ஆய்வொன்றன் முடிவுகள் வெளிவந்தன. இந்தியாவில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவு உடையர் என அது கண்டது. பகுதிவாரியாக நோக்கியவிடத்து, கோவா 26.4 என்னும் அளவோடு முதலிடத்தையும், புதுச்சேரி 26.3 என்னும் அளவோடு அதனை அடுத்த இடத்தையும் பெற்றன. நால்வர் அமர்ந்து உண்ணும் பந்தியில் ஒருவர் நீரிழிவாளர் என்பது இதன் பொருள். எம் இல்லம் அக்குப்பத்திற்குக் கூப்பிடு தொலைவில் உள்ளது. எம் தெருவை மனத்தால் ஒருமுறை வலம்வந்தபோது, அக்கணக்குச் சிறிதும் மிகையன்று என்பதை உணர்ந்தோம்.

உண்டியே நோய்க்கு முழுக்காரணம் என்று கூறுதல் பொருந்தாது. பரம்பரை, உடலுழைப்பின்மை, உறக்கக்கேடு ஆகியனவும் உள. ஆயினும் நாம் நாள்தோறும் மும்முறை நம் கையாலேயே செய்துகொள்வது உண்டி ஒன்றே. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்துப் பத்துக் குறளுள் ஆறனை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார் என்பதையும், மருத்துவனைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே வருகின்றது என்பதையும் தமிழ் மாணவர் மறவார்.

மீனுக்கு வருமுன் சோற்றைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மீன் சோற்றோடு சேர்ந்தே நம் இலைக்கு வருகின்றதன்றோ? நம் முன்னோர் உரலிற் குற்றிய அரிசியில் தவிடு ஓரளவு எஞ்சியிருந்தது. ஆலைகள் வந்தபின் அரிசி முத்துப்போல் வெண்மையுறத் தீட்டப்படலாயிற்று. அவ்வெண்மைக்கு மக்கள் அளித்த விலை யாது என்பதை முதன்முதல் உலகிற்குக் காட்டியவை சாவகத் தீவின் கோழிகள். எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசிச் சோற்றை மட்டும் உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிட்டோடு கூடிய அரிசியை உண்டபின் அவை தேறுவதையும் 1890ஐ அடுத்த ஆண்டுகளிற் கண்டார். பெரிபெரி என்னும் கொடுநோயின் மூலம் இவ்வாறு வெளிப்பட்டது. அதன்பொருட்டு 1929இல் அவர்க்கு நோபெல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது.

நம் நாட்டில் இவ்வாராய்ச்சிக்கு இருப்பிடமாக அமைந்தது குன்னூர். ஆங்கு மக்காரிசன் 1918இல் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். வடசர்க்கார் மாவட்டங்களில் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்போரிடை அந்நோய் நிலைத்திருந்தது. புழுங்கலரிசி உண்ணும் தமிழ் மாவட்டங்களிலோ அஃது அரிதாயிருந்தது. காரணம் யாதெனின், நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் தவிட்டிலுள்ள தையமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினும் அது முழுதும் நீங்குவதில்லை. நம் பாட்டிமார் இக்காரணத்தை அறியாமலே நெல்லைப் புழுக்கினர். அரிசியைப் பலமுறை கழுவிக் கழுநீரைக் கொட்டுவதும், வடித்த கஞ்சியைச் சாக்கடையில் விடுவதும் அச்சத்தை வீணாக்கும் செயல்களாம். குன்னூர் ஆராய்ச்சிசாலை 1958இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்குகின்றது.

அந்நிறுவனம் 2024ஆம் ஆண்டு மே திங்களில் இந்தியர்க்கு உரிய 17 உணவு நெறிகளை வெளியிட்டது. நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் நூற்றுக்கு 56.4 பங்கு தகாத உணவால் விளைவது என்பது அதிற் கண்ட மதிப்பு. ஒருநாள் உணவின் ஆற்றலில் தானியங்களினின்று பெறுவது நூற்றுக்கு 45 பங்கைத் தாண்டலாகாது எனவும், காய், கனி, கீரை, கிழங்கு ஆகியவை தட்டின் பாதியை நிரப்பவேண்டும் எனவும் அது கூறுகின்றது. நம்மவர் தட்டிலோ சோறு மலையாகவும், குழம்பு அம்மலையிலிருந்து இழியும் சிற்றாறாகவும், கறி அடிவாரத்துச் சிறுகல்லாகவும் காட்சியளிக்கின்றன. புழுங்கலரிசியாயினும் மலையளவு உண்டால் பயன் இல்லை. சோற்றைக் குறை என்றால் அவ்விடத்தை எதனால் நிரப்புவது? கீரையும் பருப்பும் ஒரு விடை. மீன் உண்போர்க்கு மற்றொரு விடை வைத்திக்குப்பத்துக் கூடையில் உள்ளது.

அக்கூடையில் பெரும்பாலும் மத்தி, நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி முதலிய சிறு மீன்களே காணப்படும். வஞ்சிரமும் வவ்வாலும் கிடைத்த நாளில் அவை தெருவுக்கு வருமுன்னரே பெரிய மார்க்கெட்டுக்கும் உணவுவிடுதிகளுக்கும் சென்றுவிடுகின்றன. விருந்தினர் வந்தால் வஞ்சிரம் பொரித்தலே மதிப்பு என்றும், மத்தி வாங்குதல் வறுமையின் அடையாளம் என்றும் நகரத்தார் பலர் எண்ணுகின்றனர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. மத்தி சமைத்த நாளில் அண்டை வீட்டார்க்கு மணம் எட்டாதிருக்கச் சாளரத்தைச் சாத்திய காலமும் உண்டு.

இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை உடல்நூல் காட்டுகின்றது. மத்தியில் புரதம் வஞ்சிரத்திற்கு ஈடாக உண்டு. நெஞ்சப்பையைக் காப்பதாகக் கருதப்படும் ஒமேகா-3 என்னும் கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் நிறைய உண்டு. நெத்திலியை முள்ளோடு மென்று உண்ணலாமாகையால் சுண்ணச்சத்தும் கிடைக்கின்றது. பெருமீன் துண்டில் நாம் எறியும் முள்ளிலே அச்சத்துப் போய்விடுகின்றது. மற்றொன்றும் நினைவிற் கொள்ளற்பாலது. கடலில் கலந்த பாதரசம் சிறுமீனில் சிறிதாகவே சேரும். சிறுமீனைத் தின்னும் பெருமீனில் அது ஆண்டுதோறும் திரளும். ஆதலின் கருவுற்ற தாய்மார் சுறா முதலிய பெரிய வேட்டை மீன்களைத் தவிர்க்குமாறு மருத்துவர் அறிவுறுத்துகின்றனர்.

உடலுக்கு நலம் பயப்பதே இவ்விடத்துக் கடலுக்கும் நலம் பயக்கின்றது. எங்ஙனமெனின், கடலில் ஓர் உயிர் மற்றோர் உயிரை உண்டு வளருங்கால், உண்டதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே உடலாக நிற்கின்றது. எஞ்சியது இயக்கத்திலும் கழிவிலும் செலவாகின்றது. மத்தி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்பது. வஞ்சிரமோ மத்தி போன்றவற்றை உண்பது. எனவே ஒரு கிலோ வஞ்சிரம் என்பது தோராயமாகப் பத்துக் கிலோ சிறுமீன் எனலாம். அன்றியும் மத்தி ஓராண்டிற்குள் இனப்பெருக்கத்திற்கு உரிய பருவம் எய்தும். வஞ்சிரமோ ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் வளர்ந்த பின்னரே முட்டையிடும். அதற்குமுன் பிடிபட்ட குட்டி வஞ்சிரத்தை மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்து வாங்குவோர், வரும் ஆண்டின் மீனையும் சேர்த்தே உண்டுவிடுகின்றனர்.

இதனால் மத்திக்குக் குறைவே வாராது என்று எண்ணற்க. சுருக்குமடி வலை ஒரு கூட்டத்தை முழுவதும் வளைத்துக்கொள்ள வல்லது. தமிழ்நாட்டரசு 2000இல் அதற்குத் தடை விதித்தது. அவ்வழக்கு நெடிது நடந்து, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அவ்வலையைப் பயன்படுத்த 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி வழங்கிற்று. கடனுக்கு வலை வாங்கியவர் ஒருபுறமும், சிறுவலைக்காரர் மறுபுறமும் நிற்கும் அவ்வழக்கில் தீர்ப்புக் கூற யாம் வல்லேம் அல்லேம். ஆயினும் ஒன்று கூறலாம். இங்ஙனம் பிடிக்கப்படும் சிறுமீன் முழுவதும் மனிதர் தட்டிற்கு வருவதில்லை. ஒரு பகுதி மீன்தூளாகவும் மீனெண்ணெயாகவும் மாறி, கோழிக்கும் வளர்ப்பு இறாலுக்கும் தீனியாகின்றது. உலகம் முழுவதும் கடலிலும் நன்னீரிலும் பிடிக்கும் மீனில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவானது இவ்வழியே செல்கின்றது. மத்தியை இழிந்தது என்று ஒதுக்கிய நாம், அதனையே தின்று வளர்ந்த இறாலைப் பன்மடங்கு விலைக்கு வாங்குதல் விந்தையன்றோ?

எந்த மீன் என்பதோடு எந்தக் காலம் என்பதும் கருதற்பாலது. கீழைக்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. முன்னர் 45 நாளாயிருந்த இவ்விடைவெளி 2017 முதல் நீட்டப்பட்டது. புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டதேயாயினும் மேலைக்கரையில் உள்ள மாகேயில் இத்தடை சூன் 1 முதல் சூலை 31 வரை. மீன் இனம் பெருகுதற்கு உரிய பருவம் இது என்பதே நோக்கம். அந்நாள்களிலும் வஞ்சிரம் வேண்டும் என்று அடம்பிடிப்போர்க்கு, நெடுந்தொலைவிலிருந்து பனிக்கட்டியில் நாட்பட்ட மீன் வந்து சேர்கின்றது. மீனவர் இல்லங்களிலோ அக்காலத்தில் சிறுபடகிற் கிடைக்கும் மீனும், கருவாடும், முருங்கைக்கீரையும், கேழ்வரகுக் கூழும் கைகொடுக்கின்றன. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவில் சுண்ணச்சத்து உள்ளமையின், அக்கூழை ஏழையின் உணவு என்று இகழ்தற்கு இடமில்லை. கருவாட்டில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஒருநாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்கு மிகலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. உப்புக் கருவாட்டுக் குழம்பு ஒருவேளையிலேயே அதன் பெரும்பகுதியைக் கொண்டுவந்துவிடும். உப்பிடாது வெயிலில் உலர்த்திய நெத்திலி அதனினும் நன்று.

வாங்கும்போது பார்க்கவேண்டியவற்றை எமக்குக் கற்பித்தவர் நூலாசிரியர் எவரும் அல்லர். கூடைக்காரப் பாட்டி ஒருவரே. கண் குழியாது பளிச்சென்று இருக்கவேண்டும், செவுள் சிவந்திருக்கவேண்டும், விரலால் அழுத்தினால் தசை மீண்டு எழவேண்டும், கடல்நாற்றம் இருக்கலாம், புளித்த நாற்றம் ஆகாது. மத்தியும் கானாங்கெளுத்தியும் வெயிலிற் கிடந்தால் அவற்றுள் ஹிஸ்டமின் என்னும் நஞ்சு தோன்றும் என்றும், அது கொதிக்கவைத்தாலும் அழியாது என்றும் பின்னர் நூலிற் படித்தோம். பாட்டி அதனை, நேரங்கடந்த மத்தி வாயை அரிக்கும், முகத்தைச் சிவக்கச் செய்யும் என்று ஒரே வரியில் முன்னரே கூறியிருந்தார்.

அவர் கூறிய வேறொன்று எம் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. விலைபோகும் மீன் எதுவும் தம் வீட்டு அடுப்பைக் கண்டதில்லை என்றும், விற்றது போக எஞ்சிய காரப்பொடியே தமக்கு என்றும், இப்பொழுதோ பேரப்பிள்ளைகள் அதனையும் விரும்பாது கடைப் பரோட்டாவையும் பொரித்த கோழியையும் கேட்கின்றனர் என்றும் அவர் உரைத்தார். கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்ட அக்கரையில் நின்று அவர் இதனைக் கூறியபோது, அவர் கையில் நீரிழிவு மாத்திரைப் பொட்டலம் இருந்தது. நாம் இகழ்ந்ததை அவர்தம் பேரரும் இகழக் கற்றுக்கொண்டனர் என்றே எமக்குத் தோன்றிற்று.

அப்பம் ஐந்தையும் மீன் இரண்டையும் கொண்டு ஐயாயிரவர்க்கு ஆண்டவர் உணவளித்த வரலாற்றை யோவான் எழுதுமிடத்து, மீனுக்கு 'ஒப்சாரியோன்' என்னும் கிரேக்கச் சொல்லை ஆள்கின்றார். அப்பத்தோடு தொட்டுக்கொள்ளும் சிறுமீன் என்பது அதன் பொருள் என்பர். கலிலேயாச் சிறுவனின் கூடையிலும் வஞ்சிரம் இல்லை போலும்!

விடுமுறை முடிந்து கல்லூரி விடுதிக்குத் திரும்பியதும், வெள்ளிக்கிழமைப் பொரித்த மீனுக்கு ஈடாக மத்திக் குழம்பு வைக்குமாறு நண்பர் சிலரோடு சேர்ந்து சமையற் குழுவினரைக் கேட்டோம். முதல் வாரம் பாதித் தட்டுகள் முள்ளைக் காரணங்காட்டித் திரும்பின. எம் பெயரும் சிறிது கெட்டது. பாட்டியிடம் தொலைபேசியிற் கேட்டதற்கு, புளியைச் சற்று மிகுத்து, மண்சட்டியில் மெல்லனலில் நெடுநேரம் வைத்து, மறுநாள் உண்ணச் சொன்னார். விடுதியில் மண்சட்டிக்கு இடமில்லை. சமையற்காரர் வியாழன் மாலையே பெரிய அடுக்கில் குழம்பைக் கூட்டி, முள் குழையும் வரை சிறுதீயில் வைத்து, ஆறியபின் குளிர்பெட்டியில் இட்டு, மறுநாள் கொதிக்கச் சூடாக்கினார். இரண்டாம் வாரம் திரும்பிய தட்டுகள் பதினொன்று.