கர்ப்பிணிக்குச் சிரங்கு: பிரசவம்வரை பொறுக்க வேண்டாம்

கர்ப்பிணிக்கு உடம்பு அரித்தால் வீட்டில் உடனே பதில் வந்துவிடும்: "வயிறு விரியுதில்ல, அரிக்கத்தான் செய்யும்." பல நேரம் அது உண்மைதான். ஆனால் ராத்திரி படுத்ததும் அரிப்பு கூடி, விரல் இடுக்கில் பொரிப்பொரியாக எழும்பி, பக்கத்தில் படுக்கும் பிள்ளையும் சொறிய ஆரம்பித்தால் சிரங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

எங்கே பார்ப்பது?

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் உண்ணிதான் காரணம். பெண் உண்ணி மேல்தோலுக்குள் வளை தோண்டி, தினமும் 2, 3 முட்டை இடும். வளையல்களை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டின் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நெளிந்த மெல்லிய கோடு தெரிந்தால், அது அந்த வளையாக இருக்கலாம். அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, மார்புக்காம்பு ஆகிய இடங்களிலும் வரும். தோலோடு தோல் நெருங்கிப் பழகுவதால் தொற்றுவது இது; எவ்வளவு சுத்தமாக இருப்பவருக்கும் வரும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

பொரியே இல்லாமல், கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடுமையாக அரித்தால் அது வேறு விஷயம். கல்லீரலில் பித்தநீர் தேங்குவதால் அப்படி அரிக்கலாம். அது வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. தாமதிக்காமல் டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எந்த மருந்து?

சிரங்கு உண்ணி கருவிலிருக்கும் குழந்தையைத் தொடாது. ஆனால் சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் பிடிக்கும், தாய்க்குத் தூக்கம் போகும். "குழந்தை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் பச்சைக் குழந்தைக்கும் ஒட்டும். அந்த வயதில் கொடுக்கக்கூடிய மருந்துகள் இன்னும் குறைவு.

கர்ப்ப காலத்தில் டாக்டர்கள் முதலில் எழுதித் தருவது 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். தோல் வழியாக மிகக் குறைவாகவே உடலுக்குள் போகும். ராத்திரி, கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, நக இடுக்கு உட்பட ஓர் இடம் விடாமல் தடவ வேண்டும். வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். வயிறு பெருத்தபின் பாதத்துக்கும் முதுகுக்கும் கை எட்டாது, இன்னொருவர் தடவிவிடட்டும். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி தடவுங்கள். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். ஒரு வாரத்தில் இன்னொரு முறை.

ஐவர்மெக்டின் மாத்திரையைக் கர்ப்பிணிக்குப் பொதுவாகத் தருவதில்லை. லிண்டேன் கூடவே கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிக் காட்டும், உண்ணி உள்ளே பெருகும். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

வீட்டில் எல்லோருக்கும்

முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். ஆகவே சொறியாதவர் உட்பட வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே ராத்திரியில் மருந்து போட்டுக்கொள்ள வேண்டும். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்திருந்தால், புகுந்த வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். துணி, போர்வை, தலையணை உறையை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். துவைக்க முடியாததை மூன்று நாளுக்குக் குறையாமல் பையில் கட்டி வைத்தால் போதும்.

மருந்து போட்ட பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும். பயந்து திரும்பத் திரும்பத் தடவாதீர்கள். நான்கு வாரம் தாண்டியும் அரித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சிரங்கு என்று சந்தேகம் வந்தால் அடுத்த செக்கப்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இந்த வாரமே கையைக் காட்டுங்கள், அம்மா.