30 மணி நேரம் எடுத்தார், 40 நிமிடம்தான் அனுப்ப முடிந்தது: யார் இந்த செர்னோவ்?

குண்டு விழுந்த மகப்பேறு மருத்துவமனையிலிருந்து ஒரு கர்ப்பிணியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சி. 2022 மார்ச்சில் உங்க போனுக்கும் வந்திருக்கும். உக்ரைனின் மரியுபோல் நகரத்தில் அப்போது கரண்ட் இல்லை, நெட் இல்லை. அப்புறம் எப்படி அது வெளியே வந்தது?

யார் எடுத்தது?

ம்ஸ்திஸ்லாவ் செர்னோவ். 1985இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் பிறந்தவர். ஏபி செய்தி நிறுவனத்தின் வீடியோ செய்தியாளர். கிழக்கு உக்ரைன், இராக், சிரியா எனப் பல போர்க்களங்களைப் பார்த்தவர். ரஷ்யப் படையெடுப்பு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்புதான், புகைப்படக்காரர் யெவ்கேனி மலோலெட்காவுடன் மரியுபோலுக்குள் நுழைந்தார். மற்ற சர்வதேசச் செய்தியாளர்கள் கிளம்பிய பிறகும் இவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

எப்படி அனுப்பினார்கள்?

சூறையாடப்பட்ட ஒரு மளிகைக் கடைக்கு வெளியே, படிக்கட்டுக்கு அடியில் மட்டும் சிக்னல் கிடைத்தது. அங்கே பதுங்கி உட்கார்ந்து வீடியோக்களை அனுப்பினார்கள். சில நேரம் ஒரே வீடியோவைத் துண்டு துண்டாக்கி, பல போன்கள் வழியாக அனுப்ப வேண்டியிருந்தது. மொத்தம் எடுத்தது சுமார் 30 மணி நேரப் பதிவு. உள்ளே இருந்தபோது அனுப்ப முடிந்தது சுமார் 40 நிமிடம். கணக்குப் போட்டால், 100 நிமிடத்துக்கு வெறும் 2 நிமிடம்.

'போலி' என்றபோது?

மார்ச் 9 தாக்குதல் காட்சிகளை ரஷ்யத் தரப்பு நாடகம் என்றது. செர்னோவ் குழு அந்தப் பெண்களைத் தேடிப் போனது. ஸ்ட்ரெச்சரில் இருந்தவரும் அவர் குழந்தையும் இறந்துவிட்டதை மருத்துவர்கள் சொன்னார்கள். தப்பித்த இன்னொரு கர்ப்பிணி பெண் குழந்தை பெற்றிருந்தார். அதையும் பதிவு செய்தார்கள். ரஷ்யப் படை தங்களைத் தேடுவது தெரிந்த பிறகு, மார்ச் 15 அன்று நகரத்தை விட்டு வெளியேறினார்கள்.

பிறகு?

அனுப்ப முடியாத பதிவுகளையும் சேர்த்து உருவானதுதான் '20 டேஸ் இன் மரியுபோல்'. 2023இல் இந்தக் குழுவின் செய்திகளுக்காக ஏபிக்கு புலிட்சர், 2024இல் படத்துக்கு ஆஸ்கர். உக்ரைனுக்கு அது முதல் ஆஸ்கர். மேடையில் செர்னோவ், இந்தப் படத்தை எடுக்கவே நேர்ந்திருக்கக் கூடாது என்றார். 2025இல் அடுத்த படம் '2000 மீட்டர்ஸ் டு ஆந்திரிவ்கா'. ஒரு கிராமத்தை மீட்க, குறுகலான காட்டுப்பகுதி வழியாக முன்னேறும் உக்ரைன் வீரர்களின் கதை.

அடுத்த முறை ஒரு போர் வீடியோவை ஃபார்வர்டு பண்ணும் முன், அதை எடுத்தவர் யார், அதில் இருந்தவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். மரியுபோல் காட்சிகளுக்கு அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது.