வண்ண மீனின் வயிறு வீங்கினால் மருந்துக்கு முன் செதிலைப் பாருங்கள்

சாமல்பட்டி, ஊத்தங்கரை பகுதிகளில் வீட்டுத் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்போர் பலரும் கேட்பது, "மீன் வயிறு ஊதிவிட்டது, என்ன மருந்து போடலாம்?" என்பதுதான். வயிறு வீங்குவது தனி நோய் அல்ல, வெறும் அறிகுறி. காரணம் தெரியாமல் கடையில் கொடுக்கும் நீல மருந்தை ஊற்றுவதால் பயனில்லை.

முதலில் மீனை மேலிருந்து பாருங்கள். செதில்கள் உடலோடு படிந்திருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன்கள் சுமார் நான்கு வாரம் சினையாக இருக்கும். ஆசனவாய் அருகே கரும்புள்ளி பெரிதாகும். தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. உலர் குருணைத் தீவனத்தை அளவுக்கு மீறிப் போட்டால் குடல் அடைத்து வயிறு உப்பும். இரண்டு மூன்று நாள் தீவனத்தை நிறுத்துங்கள். பிறகு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியைச் சிறிது நசுக்கிக் கொடுக்கலாம்.

செதில்கள் காற்றில் தூக்கிய ஓட்டுக்கூரை போல நிமிர்ந்து நின்றால் அது மகோதரம். நன்னீர் மீனின் உடலுக்குள் செவுள், தோல் வழியாகத் தண்ணீர் ஓயாமல் புகுந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம்தான் அதை வெளியேற்றுகிறது. அது பழுதானால் நீர் உள்ளேயே தேங்கி, செதில்களைத் தள்ளுகிறது. ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இதற்கு முக்கியக் காரணம். இவை தண்ணீரில் எப்போதும் இருப்பவையே. கழிவில் இருந்து வரும் அமோனியாவால் மீன் நலிந்ததும் தாக்குகின்றன.

அந்த மீனை உடனே தனித்தொட்டிக்கு மாற்றி, 20 லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி பேதி உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து விடுங்கள். உரக்கடை உப்பு வேண்டாம், மருந்துக்கடையில் வாங்குங்கள். சமையல் உப்பு இதற்கு மாற்று ஆகாது. உண்மையைச் சொன்னால், செதில் நிமிர்ந்த மீன் பிழைப்பது அரிது. நுண்ணுயிர்க் கொல்லியை மீன்வள மருத்துவ ஆலோசனை இன்றிப் போடாதீர்கள்.

மற்ற மீன்களைக் காப்பாற்ற, வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றவும். ஆழ்துளைக் கிணற்று நீரையும் அப்படியே ஊற்றாமல், காற்றுப் பம்பு ஓடவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. தீவனம் இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே போதும்.

கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிட வேண்டாம். இறந்த மீனை ஏரியிலோ கிணற்றிலோ வீசாமல் புதைத்துவிடுங்கள்.