எலும்பு கூடியாச்சு... கை ஏன் திரும்பவில்லை?

சென்ற மாதம் ஓர் அம்மா கணவருடன் என் கிளினிக்குக்கு வந்தார். வயது 62. வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத் திரும்பும்போது வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்து இடம் விலகிவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது.

கணவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நேர்த்தியான வேலை. எலும்பு கோடு போட்ட மாதிரி நேராகக் கூடியிருந்தது.

"எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க டாக்டர். ஆனா ரசம் சாதத்தைப் பிசைஞ்சு வாயில வைக்க முடியலையே! ரெண்டு மாசமா ஸ்பூன்லதான் சாப்பிடறேன்" என்றார் அந்த அம்மா. கண் கலங்கிவிட்டது.

"ஏதாவது தைலம் குடுங்க" என்றார் கணவர்.

நான் தைலத்தை எடுக்கவில்லை. "ஆபரேஷன் முடிஞ்சதும் விரலை எல்லாம் மடக்கி நீட்டினீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஐயோ, ஆட்டினா பிளேட் கழண்டுடும்னு பக்கத்து வீட்டு மாமி சொன்னாங்களே! கழுத்துல மாட்டின துணியை நான் கழட்டவே இல்ல."

வினையே இங்கேதான்! பிளேட் வைப்பதே கையைச் சீக்கிரம் அசைக்கத்தான். அசைக்காமல் வைத்திருப்பதற்கு மாவுக்கட்டே போதுமே!

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். ஒரு காலத்தில் தொடை எலும்பு முறிந்தால், காலில் எடையைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்கவைப்பார்கள். எலும்பு என்னவோ கூடிவிடும். ஆனால் எழுந்திருக்கும்போது தொடைச் சதை வற்றி, முழங்கால் கட்டை போல் விறைத்திருக்கும். 1939-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கியுன்ட்ஷர் என்ற சர்ஜன், தொடை எலும்பின் உள்ளே இருக்கும் குழாயில் நீளமான உலோக ராடைச் செருகிக் காட்டினார். 1958-ல் சுவிட்சர்லாந்தில் சில சர்ஜன்கள் 'ஏ.ஓ.' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். 'எலும்பை அசையாமல் உறுதியாகப் பிணை; மூட்டையும் தசையையும் உடனே அசை' என்பதுதான் அவர்களுடைய வழி. இன்று ஊர் ஊராக நடக்கும் பிளேட், ஸ்க்ரூ ஆபரேஷன்கள் அந்த வழியில் வந்தவையே. முதல் பாதியைச் சர்ஜன் செய்து முடித்துவிடுவார். இரண்டாவது பாதி நம் பொறுப்பு. அதைத்தான் பலர் வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

எலும்பு கூடுவது வேறு, கை வேலைக்கு வருவது வேறு. இதை அளக்கவே கேள்விப் பட்டியல்கள் உண்டு. 1996-ல் வெளியான 'டாஷ்' என்ற பட்டியலில் 30 கேள்விகள். இறுக்கமான பாட்டில் மூடியைத் திறக்க முடிகிறதா, சாவியைத் திருப்ப முடிகிறதா, எழுத முடிகிறதா, சமைக்க முடிகிறதா... இப்படிப் போகும். நம் வீட்டுக்கு நான் இன்னும் சில சேர்த்துக்கொள்வேன். கையால் அள்ளிச் சாப்பிட முடிகிறதா? துணி பிழிய முடிகிறதா? காலில் முறிவென்றால், சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா, குத்துக்காலிட்டு எழ முடிகிறதா? இதற்கெல்லாம் எக்ஸ்ரே பதில் சொல்லாது.

எல்லா முறிவுக்கும் பிளேட் வேண்டுமா?

வேண்டாம். இதே மணிக்கட்டு முறிவை 1814-ல் அயர்லாந்து நாட்டு சர்ஜன் ஆபிரகாம் காலிஸ் விவரித்தார். அவர் பெயரால்தான் இன்றும் அதை அழைக்கிறோம். எக்ஸ்ரே வருவதற்கு 81 வருடம் முந்தைய காலம் அது. கை கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டாலும், நாளடைவில் வலியில்லாமல் நன்றாக வேலை செய்யும் என்று எழுதிவைத்தார். அந்த நம்பிக்கை எல்லோருக்கும் பலிக்காதுதான். ஆனாலும் வயதானவர்கள் விஷயத்தில் மனிதர் அதிகம் தவறவில்லை! அறுபதைத் தாண்டியவர்களில், பிளேட் வைத்தால் எக்ஸ்ரே அழகாக இருக்கிறது. ஒரு வருடம் கழித்து, கை செய்யும் வேலையைப் பார்த்தால் மாவுக்கட்டு போட்டவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

2022-ல் இங்கிலாந்தில் 500 பேரை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. விலகிய எலும்பை இழுத்துச் சரிசெய்த பிறகு, பாதிப் பேருக்குக் கம்பி, பாதிப் பேருக்கு வெறும் மாவுக்கட்டு. ஒரு வருடத்தில் இரு தரப்பின் கையும் ஒரே மாதிரிதான் வேலை செய்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாவுக்கட்டு போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு, ஆறு வாரத்துக்குள் எலும்பு மறுபடி விலகி ஆபரேஷன் தேவைப்பட்டது. அதனால், கட்டு போட்ட பின் டாக்டர் வரச்சொன்ன நாளில் போய் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். 'வலிதான் இல்லையே' என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

தோள்பட்டை முறிவிலும் இப்படித்தான். 2015-ல் வெளிவந்த ஆய்வில் 250 பேர். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் செய்தவர்களும் கையைத் துணியில் தொங்கவிட்டவர்களும் ஒரே நிலையில் இருந்தார்கள். ஆனால் முறிவு மூட்டுக்குள்ளேயே ஓடியிருந்தால், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்து விலகியிருந்தால் யோசிக்காதீர்கள், சர்ஜன் சொல்வதைக் கேளுங்கள்.

இடுப்பு மட்டும் தனிக் கதை

பாட்டி பாத்ரூமில் விழுந்து தொடையெலும்பின் மேல்முனை முறிந்துவிட்டது. "எண்பது வயசாச்சு, ஆபரேஷன் தாங்குமா? கட்டு போட்டுப் பார்த்துக்கலாம்" என்று உறவினர்கள் சொல்வார்கள். என்னிடம் கட்டுக்காகவே அழைத்து வந்தவர்கள் உண்டு. நான் கும்பிட்டு அனுப்பிவிடுவேன். நான் சித்த மருத்துவன். கட்டு முறைகளைப் படித்தவன். அதனாலேயே சொல்கிறேன், அந்த இடத்தைச் சுற்றிக் கனத்த தசை. எந்த மூங்கில் பத்தையாலும் அந்த எலும்பைப் பிடித்து நிறுத்த முடியாது. மாதக்கணக்கில் படுக்கை என்றால் படுக்கைப்புண், நெஞ்சுச் சளி, காலில் ரத்தக்கட்டி. உயிரைக் குடிப்பவை இவைதான்.

இங்கே ஆபரேஷன் செய்வது பாட்டியை எழுப்பி உட்காரவைக்க. உடம்பு தயாராக இருந்தால் இரண்டு நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. மறுநாளே வாக்கர் பிடித்து நிற்கவைப்பார்கள். 'பாவம், வலிக்கும்' என்று நீங்கள் தடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தாலும் பழைய நடை எல்லோருக்கும் திரும்புவதில்லை. சும்மா நடந்தவருக்குக் கம்பு தேவைப்படலாம். எலும்பின் பந்து முனையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்திருந்தால் சம்மணம், குத்துக்காலிடுதல் பற்றி சர்ஜனைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது. பாட்டி வீடு திரும்புவதற்குள் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

கட்டும் தைலமும்

எங்கள் வைத்தியத்தின் பெயரால் நடக்கும் ஒரு கொடுமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பைக்கிலிருந்து விழுந்த ஓர் இளைஞன். யாரோ ஒருவர் முன்கையில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கக் கட்டி அனுப்பியிருக்கிறார். இரண்டு ராத்திரி தூங்காமல் கதறியிருக்கிறான். 'கட்டு பிடிக்குது, பொறுத்துக்கோ' என்றார்களாம். என்னிடம் வந்தபோது விரல்கள் நீலம் பாரித்திருந்தன. கட்டை அவிழ்த்துவிட்டு அவசரமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கை தப்பியது, ஆனால் விரல்கள் கொக்கி போல் மடங்கியே நின்றுவிட்டன. இந்த ஊனத்தை 1881-லேயே ஃபோக்மன் என்ற ஜெர்மன் சர்ஜன் எழுதியிருக்கிறார்.

மாவுக்கட்டானாலும் சரி, பத்தைக் கட்டானாலும் சரி. வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரலை நீட்டிவிட்டால் உயிர் போனால், விரல் மரத்துச் சில்லிட்டு வெளுத்தாலோ நீலமானாலோ, நடு ராத்திரி என்றாலும் போய்க் கட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

பிரண்டைத் துவையல், உளுந்தங்களி தாராளமாகச் சாப்பிடலாம். விலகிய எலும்பை அவை இழுத்து நேராக்காது. தைலம் போட்டு நீவுவதில் ரொம்ப எச்சரிக்கை வேண்டும். அதிலும் முழங்கை! அடிபட்ட முழங்கையைப் பிடித்து நீவினால், வலுக்கட்டாயமாக மடக்கினால், தசைக்குள்ளேயே புது எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளும். மூட்டை அவரவரே மெதுவாக அசைக்கட்டும். அடுத்தவர் இழுக்க வேண்டாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். புகை பிடிப்பவர் நிறுத்தத்தான் வேண்டும். எலும்பு கூடுவது தாமதமாகும், ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் அதிகம். 'பிளேட்டை எடுக்கணுமா?' என்று பலர் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கு, தொந்தரவு தராதவரை பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள்.

அந்த அம்மாவுக்கு வருகிறேன். சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினேன். வீட்டில் செய்யச் சொன்னது எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரல்களை முழுதாக மடக்கி நீட்டுவது. முழங்கையை விலாவோடு ஒட்டி, ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கை மேலே, உள்ளங்கை கீழே என்று திருப்புவது. ஒருவேளைக்குப் பத்துத் தடவை, நாளைக்கு ஐந்தாறு வேளை. லேசாக வலிக்கலாம், மறுநாள் வீங்குமளவுக்குப் போகக்கூடாது.

போன வாரம் வந்தார். ரசம் சாதம் கையாலேயே சாப்பிடுகிறாராம். கோலமும் போட ஆரம்பித்துவிட்டார். ஊறுகாய் பாட்டில் மூடியை மட்டும் இன்னும் கணவர்தான் திறந்து கொடுக்கிறார்.