ஓடப் போகும்போது பாக்கெட்டில் கத்தி: துருப்பிடிக்காததை எப்படித் தேர்ந்தெடுப்பது? சட்டம் என்ன சொல்கிறது?

மழைக்கால ஞாயிற்றுக்கிழமை. லோனாவாலா பக்கம் ஒரு டிரெயில் ரன் முடித்து வருகிறீர்கள். வியர்வையிலும் மழையிலும் நனைந்த ஷார்ட்ஸ் துவைக்கப் போய்விட்டது. அதில் இருந்த மடக்கு கத்தி அப்படியே பைக்குள் போய்விட்டது. அடுத்த வாரம் எடுத்துப் பார்த்தால் பிளேடில் செம்புள்ளிகள். கீல் இறுகிக் கிடக்கிறது. வாங்கும்போது அட்டையில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றுதானே போட்டிருந்தது?

அட்டையில் இருந்தது பொய் இல்லை. ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பல ரகங்கள் உண்டு. உப்பு வியர்வையைத் தாங்குவதில் அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதோடு, கத்தியைப் பாக்கெட்டில் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சட்ட விஷயங்களும் சில உண்டு.

முதல்ல, கத்தி தேவையா?

வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் 5 கிலோமீட்டர் ஓடுபவருக்குத் தேவையே இல்லை. மலைப்பாதை ஓட்டம், டிரெக்கிங், நீண்ட தூர சைக்கிள் பயணம் என்றால் உதவும். கால் கொப்புளத்துக்கு டேப் வெட்ட, அறுந்த ஷூ லேஸைச் சரிசெய்ய, பழம் நறுக்க, சைக்கிள் செயினில் சிக்கிய துணியை அறுக்க. இவ்வளவுதான் வேலை. இதற்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் பிளேடு தாராளம்.

தெருநாய் துரத்தினால், யாராவது வழிமறித்தால் என்று பயந்து கத்தி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள். சின்னக் கத்தி பயன்பட வேண்டுமென்றால் எதிரில் இருப்பது கை எட்டும் தூரத்துக்கு வந்திருக்க வேண்டும். அந்தப் பதற்றத்தில் வியர்த்த விரலால் மடக்கு கத்தியைத் திறக்கும்போது முதலில் வெட்டுப்படுவது உங்கள் விரலாகத்தான் இருக்கும். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்துங்கள், கண்ணோடு கண் பார்க்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்கு மருத்துவமனைக்குப் போங்கள். ஆட்களால் ஆபத்து என்றால் 112.

எவர்சில்வர் டம்ளர் துருப்பிடிக்கலையே, கத்தி மட்டும் ஏன்?

எவர்சில்வரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். எஃகில் சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை உருவாக்கும். கீறல் விழுந்தாலும் படலம் தானாகவே மறுபடி உருவாகும். இரும்பைத் துருவிலிருந்து காப்பது இந்தப் படலம்தான்.

இதன் எதிரி குளோரைடு. கடல் நீரிலும் உப்பிலும் வியர்வையிலும் இருப்பது அதுதான். வியர்வை காயக் காய உப்பின் அடர்த்தி கூடுகிறது. படலத்தை ஊசி முனை அளவுக்கு ஓர் இடத்தில் உடைத்து, உள்ளே குழி பறிக்கிறது. நீங்கள் பார்த்த செம்புள்ளிகள் அந்தக் குழிகளின் வாய். மும்பை, சென்னை, விசாகப்பட்டினம் போன்ற கடற்கரை நகரங்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

நல்ல எவர்சில்வர் பாத்திரம் பெரும்பாலும் 304 ரகம். 18% குரோமியம், 8% நிக்கல், மிகக் குறைந்த கார்பன். அதனால் துருவை நன்றாகத் தாங்கும். ஆனால் அதில் கத்தி செய்தால் கூர் நிற்காது. கூர் நிற்க எஃகு கடினமாக வேண்டும், கடினமாகக் கார்பன் வேண்டும். சிக்கல் இங்கேதான். அதிகமாகும் கார்பன் குரோமியத்தைப் பிடித்து 'கார்பைடு' என்ற கடினத் துகள்களாக மாற்றிவிடுகிறது. அப்படிச் சிறைப்பட்ட குரோமியம் படலத்துக்கு உதவாது.

அம்மாவின் பழைய இரும்பு அரிவாள்மனையை நினைத்துப் பாருங்கள். அதில் குரோமியமே கிடையாது. கூர் அபாரம், ஆனால் எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தால் கறுத்துவிடும். டம்ளர் ஒரு முனை, அரிவாள்மனை மறு முனை. நீங்கள் வாங்கும் கத்தி இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

சரி, எந்த ஸ்டீல் வாங்கலாம்?

குரோமியம் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 'டி2' ஸ்டீலில் சுமார் 12% குரோமியம் உண்டு. ஆனால் கார்பனும் 1.5% இருப்பதால், வியர்வையில் புள்ளி விழும். 2021-ல் வந்த 'மேக்னாகட்' ஸ்டீலில் குரோமியம் 10.7% மட்டுமே. கிட்டத்தட்ட முழுதும் படலத்துக்குக் கிடைக்கும்படி வடிவமைத்திருப்பதால் துருவை அது பல மடங்கு தாங்குகிறது.

- தவிர்க்க வேண்டியவை: 1095 போன்ற கார்பன் ஸ்டீல்கள், டி2. காட்டு முகாமுக்கு நல்லவை, வியர்வைப் பாக்கெட்டுக்கு ஆகாதவை. ஸ்டீலின் பெயரே போடாத கத்தியையும் இதில் சேர்க்கலாம்.
- சமாளிக்கலாம்: 8சிஆர்13எம்ஓவி, 440சி. தினமும் கழுவித் துடைக்கிற பழக்கம் இருந்தால் போதும்.
- பெரும்பாலானோருக்குச் சரியானவை: ஸ்வீடனின் 14சி28என், விக்டோரினாக்ஸ் பிளேடுகளில் வரும் ஸ்டீல். விக்டோரினாக்ஸ் கொஞ்சம் மென்மையானது, அடிக்கடி தீட்ட வேண்டும். ஆனால் தீட்டுவது சுலபம்.
- கடலோரத்தில் தினமும் ஓடுபவர்களுக்கு: எச்1, எல்சி200என், மேக்னாகட். முதல் இரண்டிலும் கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்திருக்கிறார்கள். நைட்ரஜன் கடினமும் தரும், துருவையும் தடுக்கும். விலைதான் அதிகம்.

சில நிறுவனங்கள் ஒரே மாடலைக் கார்பன், ஸ்டெயின்லெஸ் என இரண்டு விதமாகவும் விற்கின்றன. பிரான்ஸின் ஒபினல் ஓர் உதாரணம். பிளேடில் 'இனாக்ஸ்' என்று இருந்தால் அது ஸ்டெயின்லெஸ். விக்டோரினாக்ஸ் பெயரின் பின்பாதியும் அந்தச் சொல்தான்.

ஸ்டீலைத் தாண்டி என்ன பார்க்கணும்?

பல கத்திகளில் பிளேடுக்கு முன்னால் துருப்பிடிப்பது ஸ்குரூவும் ஸ்பிரிங்கும்தான். அந்தப் பாகங்களும் ஸ்டெயின்லெஸ்ஸா என்று பாருங்கள். மணல் தெளித்ததுபோல் சொரசொரப்பான பிளேடைவிட வழவழப்பான பிளேடு துருவைத் தாங்கும், ஏனென்றால் உப்பு தங்க இடம் குறைவு. கழுவினால் உள்ளே தண்ணீர் தேங்காத, திறந்த அமைப்புள்ள கைப்பிடி நல்லது. எடையும் முக்கியம். விக்டோரினாக்ஸ் கிளாசிக் போன்ற 58 மில்லிமீட்டர் கத்தி சுமார் 21 கிராம்தான். பாக்கெட்டில் இருப்பதே தெரியாது.

கழுத்தில் தொங்கும் கத்தி, மடங்காத கத்தி இரண்டும் ஓட்டத்துக்கு வேண்டாம். தடுக்கி விழும்போது அது எங்கே குத்தும் என்று சொல்ல முடியாது.

போலீஸ் பிடிப்பாங்களா?

ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 ஆகியவற்றின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு 'ஆயுதம்' என்ற வகைக்குள் வருகிறது. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்கென வடிவமைத்தவை விதிவிலக்கு. சின்னப் பேனாக்கத்தி இந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. டெல்லியில் 1980-ல் வந்த அறிவிக்கை, பட்டன் போன்ற இயந்திர அமைப்பால் திறக்கும் கத்திகளைக் குறிவைக்கிறது. பிளேடு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் இருந்தால் ஆயுதச் சட்ட வழக்கு வரலாம். அதனால் பட்டன் கத்தி வேண்டாம், நகத்தால் இழுத்துத் திறப்பதே போதும்.

மும்பையில் மகாராஷ்டிர காவல் சட்டத்தின் 37-வது பிரிவில் காவல்துறை தடை உத்தரவு போடலாம். அந்தப் பிரிவின் பட்டியலில் கத்தியும் இருக்கிறது. நாடு முழுவதும், 144 தடை உத்தரவு என்று நாம் சொல்லிப் பழகியது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவு. தேர்தல், திருவிழா, பதற்றம் என்று உங்கள் பகுதியில் இப்படி உத்தரவு இருக்கும் நாட்களில் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஓடிவிட்டு மெட்ரோவில் திரும்புபவரா? பாதுகாப்புச் சோதனையில் கத்தி சிக்கினால் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விமானத்தில் கைப்பைக்குள் கத்தி கூடாது, செக்-இன் லக்கேஜில் மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு நிமிஷம்

எந்த ஸ்டீலாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். பிளேடைத் திறந்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கீலுக்குள்ளும் தண்ணீர் ஓடட்டும். துணியால் துடைத்து, திறந்தபடியே காயவிடுங்கள். வாரம் ஒருமுறை கீலில் ஒரு சொட்டு ஃபுட் கிரேடு மினரல் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் மலைக் குளிரில் உறைந்துவிடும், நாளானால் பிசுபிசுக்கும்.

இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். அதிலிருந்து ஒட்டும் இரும்புத் துகளே துருவாக மாறும். பிளீச்சிங் திரவமும் தோல் உறையும் வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பட்ஜெட் குறைவாக இருந்தால் விலை உயர்ந்த ஸ்டீலை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. உப்பைத் தினமும் கழுவுகிறவரின் சாதாரணக் கத்தி, கழுவாதவரின் விலை உயர்ந்த கத்தியைவிட நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த ஞாயிறு ஓடிவிட்டு வந்ததும், ஷூவைக் கழற்றும் முன் கத்தியைக் குழாயடியில் நீட்டிவிடுங்கள்.